தெரில ஃபிட்டர்

புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்த சமயத்தில், தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் அதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் இல்லாத ஆள் ஒருவர்தான் இருந்தார். ஆயில் இன்ஜின் பழுது பார்க்கிற ஃபிட்டர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய் வந்தவர். எழுதிக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும்.

"இன்னா ஃபிட்டரே, பிரான்சா இந்தியாவா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

கைக் கரியைப் பழந்துணியில் துடைத்தபடி, "தெரில" என்பார்.

அடுத்த வாரமும் கேட்டார்கள். அதற்கு அடுத்த மாதமும் கேட்டார்கள். ஆறு மாதமும் முடிந்தது. தெரியாமலேயே அவர் இந்தியரானார்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கூப்பிட்டவர்கள்தான் இல்லை. ஆளுக்கு முன்னால் ஃபிட்டர், அந்தப் பக்கம் போனதும் 'தெரில ஃபிட்டர்'. ஒல்லியாக, உயரமாக, முழங்கால் வரை தொங்கும் காக்கி நிஜாரோடு இருப்பார். இன்ஜின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன் மேல் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு அவரும் இன்ஜினும் ஏதோ குடும்ப விஷயம் பேசுவது போலத் தோன்றும். அவருடைய மனைவி ஒருமுறை எங்கள் அம்மாவிடம் சொன்னார்: "கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா, ரெண்டாவது தடவ சோறு போட்டுப் பெசஞ்சி சாப்டப்புறம்தான்மா வாயத் தொறப்பாரு. அதுக்குள்ள நானே சாப்ட்டு எந்திரிச்சிடுவேன்."

எங்கள் ஊர் உறுவையாறு. அப்பாவுக்கு நெல்லும் கரும்பும் நிறைய. அதைவிட நிறைய, அபிப்பிராயம். உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. மழை எப்போது வரும், நேரு அடுத்து என்ன செய்வார், பக்கத்து வீட்டு மாடு ஏன் சினைப்படவில்லை, எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். அப்படிப்பட்டவரும் இந்த ஃபிட்டரும் முதலில் சந்தித்தது எங்கள் கரும்புத் தோட்டத்துக் கிணற்றடியில். தண்ணீர் இறைக்கிற இன்ஜின் நன்றாக ஓடும்; திடீரென்று தண்ணீர் மட்டும் வராது; நிறுத்தி மறுபடி ஓட்டினால் வரும். அதற்கு முன் வந்த மூன்று பேர் மூன்று காரணம் சொல்லி மூன்று சாமானை மாற்றியிருந்தார்கள்.

ஃபிட்டர் வந்தார், பார்த்தார், கிணற்று மேட்டில் உட்கார்ந்தார்.

"இன்னா கோளாறு?" என்றார் அப்பா.

"தெரில."

"எப்பத் தெரியும்?"

"அதுவும் தெரில."

"அப்ப உன்ன எதுக்குய்யா கூப்டேன்?"

ஃபிட்டர் இதை யோசித்துப் பார்த்தார். அந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் தேடினார் என்றே நினைக்கிறேன். கடைசியில் பேசாமல் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தார். தண்ணீர் நின்றது. உடனே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே குதித்தார். வெளியே வரும்போது அவர் கையில் ஒரு தேங்காய் மட்டை இருந்தது. இன்ஜின் இழுக்கிற இழுப்பில் அது குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் விட்டுவிட்டு மிதக்கும். "இப்பத் தெரியும்" என்று சொல்லி, மட்டையை அப்பாவின் காலடியில் வைத்தார்.

அப்பா அன்றைக்கு அவரைத் திட்டவும் முடியாமல் பாராட்டவும் மனமில்லாமல், மட்டையை உதைத்தார்.

படகு வந்தது பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு. புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குத் திரும்பிய துரை ஒருவர் பியானோவையும் நாயையும் எடுத்துக்கொண்டு படகை விட்டுவிட்டுப் போனார். வெள்ளை வர்ணம் அடித்த மரப்படகு. நடுவில் பெட்ரோல் இன்ஜின். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மெத்தை போட்ட பலகை இருக்கைகள். உல்லாசமாகச் சுற்றுவதைத் தவிர வேறு எதற்கும் உதவாது. அப்பா வாங்கிவிட்டார். சுண்ணாம்பாற்றில், நோணாங்குப்பம் பாலத்துக்குக் கீழே ஒரு கொட்டகை போட்டு நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் உறுவையாற்றிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, படகில் ஏறி, ஆறு கடலில் சேர்கிற முகத்துவாரம் வரை போய்த் திரும்புவோம்.

ஓட்டுவதற்கு நல்லவாட்டிலிருந்து முத்தாலு என்பவரை வைத்தார். கடலில் வளர்ந்த மனிதர். முப்பது வயதிருக்கும். படகு ஓட்டும்போது எப்போதும் ஏதாவது பாடிக்கொண்டிருப்பார், அதுவும் இன்ஜின் சத்தத்துக்கு மேல்.

அப்பா படகு வாங்கியதற்கு உண்மையான காரணம் ஆற்றின் தென்கரையில் இருந்தது. கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தலில் அப்பாவைத் தோற்கடித்த வில்லியனூர்க்காரருக்கு அங்கே, ஆறு திரும்புகிற இடத்தில், ஒரு தென்னந்தோப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தண்ணீர் ஓரத்தில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் கண் முன்னால் படபடவென்று படகில் போகவேண்டும். அவ்வளவுதான் அப்பாவின் ஆசை.

இரண்டு மாதம் போனார். பிறகுதான் அந்த விபரீதம் ஆரம்பித்தது. கொட்டகையிலிருந்து நன்றாகக் கிளம்புகிற படகு, தென்னந்தோப்புக்கு நேராக வந்ததும், 'டப்' என்று நின்றுவிடும். ஒரு மாதிரி நிசப்தம். கரையிலிருந்து குரல் வரும்: "இன்னா, களைச்சிப் போச்சா? தோப்புல எளநி இருக்கு, எறங்கி வாங்களேன்!"

அப்பா எழுந்து நின்று முத்தாலுவைப் பார்த்துக் கத்துவார். முத்தாலு கைப்பிடியைச் சுழற்றுவார். ஒரே சுழற்றில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். தோப்பு தாண்டும் வரை அப்பா உட்காரமாட்டார். திரும்பி வரும்போது ஒன்றும் ஆகாது. நானும் அம்மாவும் மட்டும் போன நாட்களிலும் ஒன்றும் ஆகவில்லை. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நிற்கவும் இல்லை. தோப்புக்காரர் ஊரில் இல்லாத வாரம், நாற்காலி காலியாக இருந்த வாரம், படகு மான் மாதிரி ஓடியது.

அப்பாவுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. "அவன் ஆளுடா இவன்" என்றார் முத்தாலுவைக் காட்டி. "அவன் சொல்லிக் குடுத்துத்தான் சரியா அங்க நிறுத்தறான். மாசி மகத்தன்னிக்கு எல்லாரும் முகத்துவாரத்துக்குப் போறோம். ஊரே கரைல நிக்கும். அன்னிக்கும் நின்னுச்சி, வேலையும் கெடையாது, போலீசுலயும் ஒப்படைச்சிடுவேன்."

முத்தாலு, "எம் புள்ள மேல சத்தியமா நான் நிறுத்தலீங்க ஐயா" என்றார். அதற்கப்புறம் அவர் பாடவில்லை. இந்தப் பேச்சு எப்படியோ நல்லவாடு வரை போய்விட்டது. தின்ற வீட்டுக்குத் துரோகம் பண்ணினாயா என்று அவருடைய மச்சான்மாரே அவரைக் கேட்டார்களாம்.

அப்பா ஃபிட்டரைக் கூப்பிட்டனுப்பினார், பழுது பார்க்க அல்ல. "இன்ஜின்ல கோளாறு எதுவும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

ஃபிட்டர் இன்ஜினை ஓடவிட்டுக் காதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார். "தெரில" என்றார்.

"ஓடுதா இல்லியா?"

"இப்ப ஓடுதுங்க."

"அப்ப கோளாறு இல்ல."

"அது தெரில. எம் முன்னாடி இன்னும் நிக்கலியே."

நான் அப்போது புதுச்சேரி கான்வென்ட்டில் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்கு இருபது வயது. படகோடு வந்த இன்ஜின் புத்தகம் பிரெஞ்சில் இருந்ததால், அதைப் படித்துச் சொல்ல ஃபிட்டர் என்னைக் கேட்டார். அப்பாவும் விட்டார். தினம் காலையில் அம்மாவும் நானும் கொட்டகைக்குப் போவோம். அம்மா வெற்றிலை போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்ப்பாள். நான் படிப்பேன்.

"'இன்ஜின் நின்றுவிட்டால் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கவும்.'"

"பாத்தாச்சி."

"'பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யவும்.'"

"பண்ணியாச்சி. அப்புறம்?"

"'அதன் பிறகும் நின்றால், விற்றவரிடம் எடுத்துச் செல்லவும்.'"

ஃபிட்டரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா பாப்பா, எழுதுனவருக்கும் தெரில. நல்ல மனுஷன், ஒத்துக்கினாரு."

ஒரு நாளைக்கு ஒரு காரியம்தான் செய்வார். திங்கட்கிழமை பெட்ரோல் தொட்டியை இறக்கிக் கழுவினார். செவ்வாய்க்கிழமை கார்பரேட்டர். புதன்கிழமை தொட்டி மூடியில் காற்றுப் போகிற ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் பிறகு முத்தாலுவோடு ஏறிக்கொண்டு தோப்பு வரை போய் வருவார். படகு நிற்காது. அவருக்கு அதில் வரும் துக்கத்தைச் சொல்லி முடியாது. நன்றாக ஓடுகிற இன்ஜினைப் பார்த்து அவ்வளவு மனமுடைந்த மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடக் கூடாதா?" என்றேன்.

"மாத்தலாம். சரியாயிடும். எதனால சரியாச்சின்னு தெரியாது. முத்தாலு மேல இருக்கிற பேரு அப்டியே நிக்கும்."

ஐயாவோடு படகில் வருகிறேன் என்று ஃபிட்டர் மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். கரிக் கையோடு ஓர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தோப்பைத் தாண்டிப் போக அப்பா சம்மதிக்கவில்லை.

வியாழக்கிழமை அவர் என்னிடம் கேட்டார். "ஐயா படகுல போவும்போது எங்க குந்துவாரு பாப்பா?"

எனக்குத் தெரியும். முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அப்பா இடது பக்கம் அம்மாவுக்கு அருகில் உட்காருவார். தோப்பு தென்பட்டதும் துண்டைச் சரி செய்துகொண்டு எழுந்து, வலது பக்கத்துப் பலகைக்கு மாறுவார். அதன் ஓரத்துக்கே நகர்ந்து, நெஞ்சை நிமிர்த்தி, முகத்தை லேசாகத் திருப்பி, போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி உட்காருவார். தோப்புக்காரர் இல்லாத நாட்களில் நகரமாட்டார். இதை ஒரு வேற்று மனிதரிடம், அதுவும் அப்பா கூலிக்குக் கூப்பிட்ட ஒருவரிடம், எப்படிச் சொல்வது?

"தெரியாதுங்க" என்றேன்.

ஃபிட்டர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கார்பரேட்டரைப் பார்க்கிற அதே பார்வைதான்.

"தெரியாதா, பாக்கலியா, சொல்லக் கூடாதா? மூனும் வேற வேற பாப்பா. எதுன்னு மட்டும் சொன்னாக்கூட எனக்கு ஒதவும்."

நான் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றைக்குக் கிளம்பும்போது பார்த்தேன்: முத்தாலு, நாங்கள் உட்காரும் மெத்தைகளை ஒவ்வொன்றாக வெயிலில் தட்டி வைத்துக்கொண்டிருந்தார். இன்னும் நாலு நாளில் தன்னைத் துரத்தப்போகிறவர்களின் மெத்தைகள். தூசு போகும்படி, முன்னும் பின்னும் திருப்பித் தட்டினார்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும், புத்தகத்தைத் திறக்காமல், "சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். ஆனால் தடுக்கவில்லை.

ஃபிட்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, முத்தாலுவிடம் திரும்பினார். "ஐயா எத்தினி மூட்ட இருப்பாரு?"

முத்தாலு அம்மாவைப் பார்த்துத் தயங்கினார். பிறகு, "நெல்லு மூட்டன்னா, ஒன்னர இருக்கும்" என்றார்.

ஒன்றரை மூட்டை நெல் வந்தது. பெரிய மூட்டையின் மேல் அரை மூட்டையை வைத்துக் கட்டியபோது, தோளும் வயிறுமாக அது அப்பாவின் சாயலில் இருந்ததைப் பார்த்து நானும் அம்மாவும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். மூட்டையை இடது பக்கம் உட்காரவைத்துக் கிளம்பினோம். இன்ஜின் நன்றாக ஓடியது. தோப்பு தென்பட்டது. அன்றைக்குத் தேங்காய் வெட்டு, தோப்புக்காரர் கரையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மாத்தலாம்" என்றார் ஃபிட்டர்.

முத்தாலு சுக்கானை அவரிடம் கொடுத்துவிட்டு மூட்டையின் முன் குனிந்தார். பத்து நாட்களாகச் செத்துக்கிடந்த குரல் திரும்பி வந்துவிட்டது. "ஐயா, தோப்பு வந்துட்டுதுங்க. கொஞ்சம் அந்தப் பக்கமா நவுந்து குந்துறீங்களா? துண்ட சரி பண்ணிக்குங்க ஐயா." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்தாலு மூட்டையை அணைத்துத் தூக்கி, வலது பலகையின் ஓரத்தில் இறக்கினார்.

டப்.

"நின்னுச்சி!" என்று கத்தினார் ஃபிட்டர். குழந்தை நடக்க ஆரம்பித்ததைப் பார்த்தவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். "நின்னுச்சி பாப்பா! நின்னேபோச்சி!"

கரையிலிருந்து தோப்புக்காரர், "இன்னாடா இது, மூட்டயெல்லாம் சவாரி போவுது?" என்றார். நாங்கள் மும்முரமாக இருந்தோம். மூட்டையைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினால் இன்ஜின் பிடித்தது, இறக்கினால் நின்றது. எட்டுத் தடவை செய்து பார்த்த பிறகுதான் ஃபிட்டர் பலகையைக் கழற்றினார். அடியில் இன்ஜினின் புகைக்குழாய். அதற்கு மேலாக ஒரு ஒயர். அதன் மேல்தோல் இரண்டங்குலம் தேய்ந்து செம்பு தெரிந்தது.

"இன்ஜின நிறுத்துற சுவிட்சோட ஒயர் இது" என்று எனக்கு விளக்கினார். "இதோட செம்பு இரும்புல பட்டா, இன்ஜின் நின்னுடும். நாம சுவிட்ச அமுக்கி நிறுத்தறோம். ஐயா பலகய அமுக்கி நிறுத்தியிருக்காரு. அவரு கத்தறதுக்கு எழுந்ததும் பலக மேல வந்துடுது, ஒயரு வெலகிடுது." திரும்பி வரும்போது தோப்பு இடது பக்கம் வரும், அப்பாவும் இடது பக்கம் உட்காருவார், அங்கே ஒயர் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

ஒயருக்குத் துணி சுற்றி, வேறு வழியாகக் கொண்டுபோனார். மாலையில் நாங்கள் எல்லோரும் உறுவையாற்று வீட்டுக் களத்தில் அப்பா முன் நின்றோம்.

"ஒயரு தேஞ்சிருந்துச்சிங்க. சரி பண்ணிட்டேன். முத்தாலு மேல எந்தத் தப்பும் இல்ல" என்றார் ஃபிட்டர்.

"தேஞ்ச ஒயருக்கு அவன் தோப்பு எப்படித் தெரியும்? ஏன் அங்க மட்டும் நிக்குது?"

ஃபிட்டர் தரையைப் பார்த்தார். வழக்கமான பதிலைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அப்பாவின் மானம் தப்பியிருக்கும். முத்தாலு மேல் சந்தேகம் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும்.

"தெரியும்" என்றார். "ஆனா நான் சொல்லலீங்க."

அப்பாவுக்கு முகம் சிவந்தது. "என் படகு, என் இன்ஜின், எனக்குச் சொல்ல மாட்டியா?"

நான் ஓர் அடி முன்னால் வந்தேன். சொல்லிவிட்டேன். "தோப்பு வந்ததும் நீங்க வலது பக்கம் போயி ஓரமா ஒக்காருவீங்கப்பா. அந்தப் பலகைக்கு அடியிலதான் ஒயரு."

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கடைசியில் முத்தாலுவைக் கேட்டார். "நான் இல்லாம எப்படிப் பாத்தீங்க?"

"நெல்லு மூட்ட வச்சிங்க ஐயா."

"எத்தினி?"

முத்தாலு அம்மா பக்கம் பார்த்தார். "ஒன்னர."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். பின்னாலேயே போன அம்மாவிடம் அவர் கேட்டது வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது. "ஏண்டி, நான் ஒன்னர மூட்டையா?"

"ஒன்னே முக்கால் இருக்கும்" என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் வண்டி கட்டிக்கொண்டு நல்லவாட்டுக்குப் போனார். கரையில் கட்டுமரங்களுக்கு நடுவில் முத்தாலுவின் மச்சான்மாரையும் மற்றவர்களையும் வைத்துக்கொண்டு, "நான் சொன்னது தப்பு. இவன் மேல ஒன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாராம். முத்தாலுதான் பிறகு எங்களுக்குச் சொன்னார். அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மாசி மகத்தன்று கரை நெடுகக் கூட்டம். முத்தாலு பாடிக்கொண்டே ஓட்டினார். ஃபிட்டரையும் அப்பா படகில் ஏற்றிக்கொண்டார்; சோப்புப் போட்டுக் கை கழுவி வந்திருந்தார் அவர். தோப்பு வந்தது. தோப்புக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, படகு நிற்பதற்காகக் காத்து நின்றார். அப்பா இடது பக்கம் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதித் தோப்பு போயிற்று. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எழுந்து, வலது பக்க ஓரத்தில் முழு பாரத்தையும் வைத்து உட்கார்ந்து, கையை உயர்த்தி ஆட்டினார். நாங்கள் எல்லோரும் இன்ஜினைப் பார்த்தோம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபிட்டர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்ததாக எனக்குப் பட்டது.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குப் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நிலம் நீச்சு உள்ள குடும்பம். அவர்கள் வீட்டு இன்ஜின்களுக்கு நம் ஃபிட்டர்தான் போய் வருகிறார் என்று தெரிந்ததும் அப்பா அவரை விசாரிக்கக் கூப்பிட்டனுப்பினார். நானும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"மாப்ள எப்படி?"

"தெரிலங்க. அவரு எங்கூட ஒரு வார்த்த பேசுனதில்ல."

"மாமியா?"

"தெரில. மோரு குடுத்தாங்க. புளிச்சிருந்துச்சி. அன்னிக்கி மட்டுமா, எப்பவுமான்னு தெரில."

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "தெரிஞ்சத எதயாவது ஒன்னச் சொல்லேன்யா!"

ஃபிட்டர் நீண்ட நேரம் யோசித்தார். "இன்ஜின நல்லா வச்சிருக்காங்க" என்றார்.

அந்த ஒரு சிபாரிசின் பேரில் எனக்குக் கல்யாணம் முடிந்தது. அந்த வீட்டில் நாற்பத்தோரு வருஷம் வாழ்ந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றமாட்டேன். இன்ஜினை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள்.